வள்ளத்துக்கு இரண்டு பேட்டரி: செல்ஃபுக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று

என் மச்சானுடைய வள்ளத்துக்கு முதன்முதலில் இரண்டு பேட்டரி வைத்துக் கொடுத்தவன் நான்தான். அந்த இரண்டும் ஒன்றாகச் செத்துப்போய் வள்ளம் நடுக்கடலில் நின்றதற்கும் காரணம் நான்தான். தூத்துக்குடியில் லாரி, டிராக்டர் வயரிங் பார்த்துப் பழகிய கை இது. லாரியில் இரண்டு பேட்டரி என்றால் ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவில் கோத்து 24 வோல்ட் எடுப்போம். வள்ளத்துக்கு 12 வோல்ட் போதும் என்பதால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று சேர்த்துக் கட்டிவிட்டு, "இனி கவலையே வேண்டாம் மச்சான், டபுள் பேட்டரி" என்று அனுப்பி வைத்தேன்.

ராத்திரி வலை விட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் விளக்குகள் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே குடித்திருக்கின்றன. விடிகாலை மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃபில், அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரில், 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், கையால் சுற்றிக் கிளப்பவும் வழியில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்த வள்ளம் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது. மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராக என் கடைக்கு வந்தார், கல்லாவைத் திறந்தார், இழுத்து வந்தவர்களுக்கு டீசல் காசை அதிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குக் கற்றதைத்தான் எழுதுகிறேன். 28 அடி, 32 அடி ஃபைபர் வள்ளம், உள்ளே டீசல் எஞ்சின், செல்ஃப், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்நேட்டர், எல்லாம் 12 வோல்ட். இந்த அளவு வள்ளத்தை மனதில் வைத்துப் படியுங்கள். அவுட்போர்டு மோட்டார் உள்ளவர்களுக்கும் வேலை இதேதான். அந்த மோட்டார்கள் கொடுக்கும் சார்ஜ் கொஞ்சம் என்பதால் கணக்கை இன்னும் இறுக்கிப் போட வேண்டும்.

முதலில் பேட்டரி. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி. அதில் வேறு எதையும், ஒரு போன் சார்ஜரைக்கூட, மாட்டக்கூடாது. விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் இன்னொரு பேட்டரி. இந்த இரண்டும் ஒரே சாதியும் இல்லை. ஸ்டார்ட் பேட்டரிக்குள் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும். நாலைந்து விநாடிக்கு 200 ஆம்ப் கேட்டாலும் கொடுக்கும், ஆனால் அடிக்கடி அடிவரை காலி செய்தால் சில மாதத்தில் படுத்துவிடும். விளக்குக்குத் தடித்த தகடு உள்ள டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற உயரமான டியூப்லர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதுவும் டீப் சைக்கிள்தான், தப்பில்லை. ஆனால் வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்குச் செய்தது. 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) என்றால் ஒரு ஆள் தனியாகத் தூக்கத் திணறும் கனம், வள்ளம் சரிந்தால் ஆசிட்டும் சிந்தும். காசு கொஞ்சம் கூடினாலும் மூடிய ஏ.ஜி.எம். வகை வாங்குங்கள் என்பேன்.

எத்தனை ஏ.எச். வேண்டும்? கடைக்காரரைக் கேட்காதீர்கள், அவர் இருக்கிறதில் பெரியதைக் காட்டுவார். ஒரு ராத்திரிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்ப், அதை மணியால் பெருக்கினால் ஏ.எச். மச்சான் வள்ளத்துக்கு நான் போட்ட கணக்கு இது: கம்ப விளக்கும் பக்க விளக்குகளும் எல்.இ.டி., மொத்தம் 10 வாட், 11 மணி நேரம் எரிந்தால் 9 ஏ.எச். வலை வாங்கும்போது போடுகிற 20 வாட் விளக்கு இரண்டு, 5 மணி நேரத்துக்கு 17. ஜி.பி.எஸ்.ஸும் மீன் காட்டும் கருவியும் சேர்ந்து ஒரு ஆம்ப், அது 11. வி.எச்.எஃப். வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்ப், ராத்திரிக்கு 6. பையன்களின் போன் நாலு, அதற்கு 6. தண்ணீர் இறைக்கிற பம்ப் அரை மணி நேரம் ஓடினால் 2. கூட்டினால் 51. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 100 ஏ.எச். வேண்டும். பழைய ஹாலஜன் விளக்கு இருந்தபோது இதே வள்ளத்துக்கு விளக்குக் கணக்கு மட்டுமே நூறைத் தாண்டியிருக்கும். ஆகவே பேட்டரியைப் பெரிதாக்கும் முன் விளக்கை மாற்றுங்கள்.

எடுத்த 51 திரும்பி நிறைய 60-க்குப் பக்கத்தில் உள்ளே போக வேண்டும். 35 ஆம்ப் ஆல்டர்நேட்டர் மெதுவான ஓட்டத்தில் அந்த 35-ஐக் கொடுக்காது. போகும்போது மூன்று மணி நேரம், வரும்போது மூன்று மணி நேரம் எஞ்சின் ஓடினால் ஓரளவு சரிக்கட்டும். ஆனாலும் பேட்டரி நிறையும் கட்டத்தில் கடைசி இருபது சதவீதத்தை மெல்ல மெல்லத்தான் வாங்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, வள்ளம் கரையில் நிற்கும் நாளில், சார்ஜரில் ஒரு ராத்திரி போடுங்கள்.

சரி, வயருக்கு வருவோம். இந்த வேலையில் பாதி இதுதான்.

மச்சான் வள்ளத்துப் பழைய வயரிங்கைக் கழற்றிய நாள் இன்னும் நினைவிருக்கிறது. அணியத்து (வள்ளத்தின் முன்பக்க) விளக்குக்குப் போகிற வயர், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி சிவப்பாக இருக்கிறது. முனையை உரித்தேன், உள்ளே செம்பு கன்னங்கரேல் என்று கறுத்திருக்கிறது. முனைதானே என்று ஒரு சாண் வெட்டி உரித்தேன், அங்கேயும் கறுப்பு. இன்னொரு சாண், பச்சைக் களிம்பு. முழம் முழமாக வெட்டிக்கொண்டே போய், கடைசியில் முழு வயரையும் தூக்கி எறிந்தேன். உப்புத் தண்ணீர் முனை வழியாக உள்ளே இறங்கி, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்கு நடுவே ஏறிவிடுகிறது. கறுத்த செம்பில் ஈயப் பற்றும் ஒட்டாது. லாரிக்குப் போடுகிற வெறும் செம்பு வயர் கடலில் இப்படித்தான் போகும். ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசிய மரைன் வயர் கிடைக்கிறது, விலை கூடத்தான். கிடைக்கவே இல்லையென்றால் நல்ல செம்பு வயரைப் போட்டு, முனைகளை அடைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றத் தயாராக இருங்கள்.

செல்ஃப் கேபிளுக்கு வெல்டிங் கேபிள் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. நன்றாக வளையும், இழை மெல்லியது, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்கும்போது முனையை வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அலுமினியம். சிலதில் மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் இருக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் தெரிந்துவிடும். உப்புக் காற்றில் அலுமினியமும் செம்பு லக்கும் (கேபிள் முனையில் மாட்டும் காது) சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் அந்த மூட்டு பொடியாகும். இந்த எஞ்சினுக்குச் செம்பில் 35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போட்டேன். தூரம் கூடினால் 50.

சின்ன வயர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்ப், போக வர உள்ள மீட்டர், 0.0175 மூன்றையும் பெருக்கி, வயரின் ஸ்கொயரால் வகுத்தால் வழியில் எத்தனை வோல்ட் இறங்குகிறது என்று வரும். வி.எச்.எஃப். பேசும்போது 5 ஆம்ப் இழுக்கிறது, பேட்டரிக்கும் அதற்கும் 7 மீட்டர், போக வர 14. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் வயரைப் போட்டால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். விடிகாலையில் பேட்டரி 12.2-இல் நிற்கும்போது கருவிக்குக் கிடைப்பது 11.4. கேட்கும்போது நன்றாகக் கேட்கும், பேச பட்டனை அழுத்தினால் திரை அணையும். "வயர்லெஸ் கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்று கடைக்கு வருகிறதில் பாதி இந்தக் கேஸ்தான். 4 ஸ்கொயர் போடுங்கள், இறக்கம் 0.3 வோல்ட்டோடு நிற்கும். நடைவிளக்கு (கம்ப, பக்க விளக்குகள்), வயர்லெஸ் இரண்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் இறக்கம் வேண்டாம். 12 வோல்ட்டில் அது 0.36.

பேட்டரி இரண்டையும் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஆனால் நேர் மேலேயோ சூடு படுகிற இடத்திலோ இல்லாமல், அடியில் தேங்கும் தண்ணீருக்கு மேலே வையுங்கள். பெட்டியில் வைத்து பெல்ட் போட்டு இறுக்குங்கள். பெட்டிக்கு மூடி வேண்டும், காற்றும் போக வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். திறந்த வகை பேட்டரிக்குள் கடல் தண்ணீர் இறங்கினால் ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு வரும். அதனால்தான் இடத்தைப் பற்றி இத்தனை பேச்சு.

இணைப்பை நெகட்டிவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் மறப்பது இதைத்தான். இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் செல்ஃப் கேபிள் அளவு தடித்த கேபிளால் ஒன்றோடு ஒன்று சேருங்கள். அங்கிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரே ஒரு கேபிள், நெகட்டிவ் பஸ் பாருக்கு, அதாவது எல்லா நெகட்டிவ் வயரும் வந்து சேரும் உலோகப் பட்டைக்கு, ஒரு கேபிள். லாரி மாதிரி "பாடி எர்த்" என்று எங்கே வேண்டுமானாலும் திருகிவிட முடியாது. வள்ளம் ஃபைபர், கரண்ட் திரும்பி வர அதில் வழி இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் போகிற வயரோடு திரும்புகிற வயரும் பஸ் பார் வரை வர வேண்டும். சோம்பல்பட்டு ஏதாவது இரும்புக் குழாயிலோ சுக்கான் தண்டிலோ நெகட்டிவைக் கட்டினால், கரண்ட் தண்ணீர் வழியாகக் கசிந்து புரொப்பெல்லரையும் தண்டையும் அரிக்கும்.

பாசிட்டிவ் பக்கம் மூன்று கட்-ஆஃப் சுவிட்ச் போடுகிறேன். மூன்றையும் பேட்டரிப் பெட்டிக்கு ஒட்டியே வையுங்கள். ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து முதல் சுவிட்ச், அதிலிருந்து செல்ஃப். விளக்குப் பேட்டரியிலிருந்து இரண்டாவது சுவிட்ச், அதன் மறுமுனையில் 60 ஆம்ப் ஃபியூஸ், அதற்குப் பிறகு ஃபியூஸ் பெட்டி. மூன்றாவது சுவிட்ச் அவசரத்துக்கு. முதல் சுவிட்சின் வெளிமுனையையும் இரண்டாவதின் வெளிமுனையையும் இணைக்கிறது. மற்ற நேரமெல்லாம் அணைத்தே இருக்க வேண்டும். ஸ்டார்ட் பேட்டரி செத்தால் முதல் சுவிட்சை அணைத்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டு, விளக்குப் பேட்டரியிலேயே எஞ்சினைக் கிளப்பலாம். அந்த நேரம் செல்ஃப் இழுக்கிற கரண்ட் முழுதும் இந்த வழியில் ஓடும். ஆகவே இந்தக் கேபிள்களும் 35 ஸ்கொயர்தான். இணைப்பை 60 ஆம்ப் ஃபியூஸுக்கு முந்தியே எடுங்கள், பிந்தி எடுத்தால் முதல் இழுப்பிலேயே ஃபியூஸ் போய்விடும்.

'1, 2, இரண்டும், ஆஃப்' என்று நாலு நிலை உள்ள ஒரே சுவிட்சும் விற்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. யாராவது ஒரு பையன் 'இரண்டும்' நிலையில் விட்டுவிட்டுத் தூங்கிவிடுவான், நான் கட்டிய பழைய கட்டு மறுபடி வந்துவிடும். ஓடும் எஞ்சினில் கை தவறி 'ஆஃப்' வழியாகத் திருகினால் ஆல்டர்நேட்டர் டயோடு எரியும். இது என் மூன்று சுவிட்சுக்கும் பொருந்தும்: எஞ்சின் ஓடும்போது முதல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. சிவப்புப் பெயின்ட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

சார்ஜ் இரண்டுக்கும் எப்படிப் போகும்? இதற்குத்தான் வி.எஸ்.ஆர்., வோல்ட்டைப் பார்த்துத் தானே சேர்த்துத் தானே பிரிக்கிற ரிலே. எஞ்சின் ஓடி ஸ்டார்ட் பேட்டரி 13.3, 13.4 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும். எஞ்சின் நின்று 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். ஆள் யாரும் நினைவு வைத்துத் திருக வேண்டியதில்லை. டயோடு பிரிப்பான் என்று பழைய முறை ஒன்று உண்டு, அதில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், பேட்டரி என்றைக்கும் நிறையாது. வி.எஸ்.ஆரின் இரண்டு தடித்த முனைகளும் இரண்டு பேட்டரியின் பாசிட்டிவ் முனைகளுக்கு, கறுப்பு மெல்லிய வயர் நெகட்டிவுக்கு. அந்த மெல்லிய வயரை மாட்டாமல் "ரிலே வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேபிளுக்கு 25 ஸ்கொயர், 100 ஆம்ப் ஃபியூஸ். ஃபியூஸ் ஒன்றல்ல, இரண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது தோல் உரசி எஞ்சினில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்க ஃபியூஸ் மறுபக்கத்து நெருப்பைத் தடுக்காது. படகு வயரிங்குக்கு அமெரிக்காவின் ஏ.பி.ஒய்.சி. விதிகளில் ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நானும் ஒரு சாணுக்குள் வைத்துவிடுகிறேன். செல்ஃப் கேபிளுக்கு மட்டும் ஃபியூஸ் இல்லை. அதற்குப் பதிலாகக் கேபிளைக் குட்டையாக்கி, உரசுகிற இடத்தில் ரப்பர் குழாய் போட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் பிடித்துக் கட்டுங்கள்.

தண்ணீர் இறைக்கும் ஆட்டோமேட்டிக் பம்ப் சுவிட்சுகளைத் தாண்டி நேரே விளக்குப் பேட்டரியில், தனி ஃபியூஸோடு இருக்கட்டும். கரையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன பிறகு மழை பெய்தாலும் அது ஓட வேண்டும். சோலார் தகடு வைத்திருந்தால் அதன் கன்ட்ரோலரும் அதே பேட்டரிக்குத்தான். லித்தியம் பேட்டரி வைக்க ஆசைப்பட்டால் இந்த வி.எஸ்.ஆர். முறை ஒத்துவராது. அது சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும், ரிலே பிரியாமல் ஒட்டியே நிற்கும், ஆல்டர்நேட்டரையும் உறிஞ்சிச் சூடாக்கும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும், அது வேறு செலவு.

மூட்டுகளை லக் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்தி இறுக்குங்கள். தடித்த கேபிளுக்கு ஹைட்ராலிக் கிரிம்பர், வாடகைக்குக் கிடைக்கும். சுத்தியலால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ஈயப் பற்று வேண்டாம் என்பது என் கட்சி. ஈயம் இழைகளுக்குள் ஏறி இறுகி, அது முடிகிற இடத்தில் எஞ்சின் அதிர்வில் வயர் முறிகிறது. மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினால், பசை ஓரத்தில் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கி வெளியே தெரியும். அது தெரிந்தால்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போகாது. டேப் சுற்றுவது கரையில் ஒரு வாரத்துக்கு அழகு. அப்புறம், எந்தப் பெட்டிக்குள் வயர் நுழைந்தாலும் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வயிறு விட்டு வளையுங்கள். வயரில் ஓடிவருகிற தண்ணீர் அந்த வயிற்றில் சொட்டிப் போகும்.

மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். ஸ்பேனர் தவறி எஞ்சினில் பட்டாலும் பொறி பறக்காமலிருக்கத்தான் இந்த வரிசை. கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். முனையை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், இறுக்கும் முன் அல்ல.

இனி சோதனை. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பேட்டரி காலையில் 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கெட்டுக்கொண்டிருக்கிறது. எஞ்சினைக் கிளப்பும்போது மல்டிமீட்டரின் ஒரு கம்பியை ஸ்டார்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதைச் செல்ஃப் போல்ட்டிலும் வைத்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றுகிற நேரத்தில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ ஒரு லக் சரியில்லை. எது சூடாகிறது என்று கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வி.எஸ்.ஆர். 'டக்' என்று சேரும். அப்போது இரண்டு பேட்டரியிலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், 14-ஐத் தாண்டிப் போகும். ஒன்று 14.2, மற்றது 12.5 என்றால் ஃபியூஸையோ அந்த மெல்லிய கறுப்பு வயரையோ பாருங்கள்.

கடைசிச் சோதனையைக் கரையில் கட்டிப்போட்டே செய்யுங்கள். மச்சான் வள்ளத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நானும் அவரும் அமரத்தில் (வள்ளத்தின் பின்பக்கம்) உட்கார்ந்திருந்தோம். காலை ஐந்துக்கு விளக்குப் பேட்டரி 12.1-க்கு வந்திருந்தது, ஸ்டார்ட் பேட்டரி 12.7-இல் அப்படியே நின்றது. சாவியைத் திருப்பினார், எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அணைத்தார், மறுபடி திருப்பினார், மறுபடி பிடித்தது. மூன்றாவது தடவையும் செய்துபார்த்துவிட்டுத்தான், "டீசல் காசைத் திருப்பிக் கேட்டுறாதே" என்றார்.